தகப்பன் இல்லாத பிள்ளை

என் மகள் லத்தீன் படித்தது என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துவிட்டு, அவள் ஏதோ தகப்பனை எதிர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஜேர்மனியின் கொலோன் நகரில் அவள் படித்த கிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில், ஏழாம் வகுப்புக்குப் போகும்போது பிரெஞ்சு அல்லது லத்தீன் எடுக்க வேண்டும். அவளுக்குப் பிரெஞ்சுதான் வேண்டும். பாரிஸில் மச்சாள்மார் இருக்கிறார்கள், அவர்களோடு கதைக்கலாம் என்று ஆசை. ஆனால் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டு நிற்கிற தகப்பன்மார் நாங்கள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தோம். டொக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் லத்தீன் வேண்டும். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஒருவர் சொன்னார், மற்றவர் தலையாட்டினார், அடுத்த கிழமை அது சட்டமாகிவிட்டது.

வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, ஒரு டெர்மின் எடுத்துப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: மருத்துவம் படிக்க இப்போது லத்தீன் கட்டாயமில்லை, தேவையான சொற்களைப் பல்கலைக்கழகத்திலேயே சொல்லித் தருவார்கள், பிள்ளைக்கு எது விருப்பமோ அதை எடுக்கட்டும். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வெளியே வந்து மனைவியிடம் சொன்னது இது: "பாத்தீரோ, எங்கட பிள்ளையள் மேல வரக்கூடாதெண்டு எப்பிடி மறைக்குதுகள்?"

அந்த ஆசிரியை உண்மையை மட்டும்தான் சொன்னாள். மகள் இரண்டு நாள் அழுதாள். பிறகு லத்தீன் எடுத்தாள்.

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. நான் வெட்டின கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தால், அது நான் கேட்ட தண்ணீர் இல்லையென்று கோபப்படுவேன். மகளுக்கு லத்தீன் பிடித்துவிட்டது. சாதாரணமாக அல்ல, பைத்தியம்போல. நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். ஒரு நாள் நான் களைத்து வந்து கதிரையில் விழுந்திருக்க, அவள் சொன்னாள், ஜேர்மன்காரர் சமையலறைக்குச் சொல்லும் சொல் ரோமர் கொண்டுவந்ததாம். யன்னலுக்குச் சொல்வதும், நிலவறைக்குச் சொல்வதும், சீஸுக்குச் சொல்வதும் அவர்களுடையவையாம். இந்த ஊரில் முதன்முதலில் கல்லால் சுவர் எழுப்பியதும் அவர்கள்தானாம். அடுத்த நாள் வேலையில் உருளைக்கிழங்குச் சட்டியைக் கழுவிக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை அவளிடம் சொன்னேனா என்றால், இல்லை.

ஆனால் பாவித்துக்கொண்டேன். எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் ஒரு பேச்சுக்காரன். ஒரு வருடம் தலைப்பு, பழந்தமிழரின் கடல் வணிகம். யவனர் கப்பல், மிளகு, எங்கள் மாந்தைப் பக்கம் மண்ணுக்குள் கிடந்த ரோமக் காசு எல்லாவற்றையும் மகள்தான் தேடி, எனக்கு வாசிக்கத் தோதாகப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். நான் மேடையில் ஏறி, எங்கள் மிளகு இல்லாவிட்டால் ரோமாபுரிக்காரனுக்குச் சோறு இறங்கியிராது என்று முழங்கினேன். "அப்பா, அப்பிடியெல்லாம் இல்லை" என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கைதட்டல் நிற்க நேரம் எடுத்தது. ஒருவரும் அவளைப் பார்த்துக் கைதட்டவில்லை. நானும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

அபிட்டூர் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தாள். மருத்துவத்துக்கு அனுமதி கிடைக்கக்கூடிய புள்ளி. நான் வேலையிடத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கிழமையே அவள் வந்து எனக்கு முன்னால் இருந்து, பக்கத்து நகரமான பானில், பல்கலைக்கழகத்தில், கிரேக்கமும் லத்தீனும் அகழாய்வும் படிக்கப்போகிறேன் என்றாள்.

"செத்துப்போன ஆக்களின்ர பாசையைப் படிச்சு ஆருக்கு மருந்து குடுக்கப்போறாய்?" என்று கேட்டேன்.

அவள் என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தாள். "டொக்டர்மார் எடுக்கிற சத்தியம் முதல்ல கிரேக்கத்திலதான் அப்பா எழுதினது. அதை நான் அப்பிடியே வாசிப்பன்."

"வாசிச்சாப் போதுமோ? வருத்தம் மாறுமோ?"

மனைவி குறுக்கே வந்தாள். "லத்தீன் வேணுமெண்டு நிண்டது நீங்கள். இப்ப அவள் படிச்சிட்டாள். என்ன செய்யச் சொல்றியள்?" என்றாள். பதில் இல்லாதபோது எனக்குக் குரல் உயரும். உயர்ந்தது. மகள் அதையும் கேட்டுவிட்டுப் பானுக்கு விண்ணப்பித்தாள். வீட்டிலிருந்தே ரயிலில் போய்வந்தாள்.

பொய் ஒரே ஒரு சொல்லில் தொடங்கியது. ஹனோவரில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். என்னைவிட இளையவன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தோம். இப்போது மாதம் ஒருமுறை போனில் கதைப்போம். அவன் கேட்டான்:

"மகள் என்ன செய்யிறா அண்ணை?"

"பானிலை, யூனியிலை."

"மெடிசினோ?"

"ஓம்."

அவ்வளவுதான். வாய் கூசவேயில்லை. முகாமில் ஒரே போர்வையைப் பங்கிட்டவனிடம், தேவையே இல்லாமல், ஒரு ஓம். அடுத்த முறை அவன் தன் மனைவியின் முழங்கால் நோவைச் சொல்லி, பிள்ளையிடம் கேட்டுச் சொல்லுங்கோ என்றான். நான் எங்கள் இல்லத்துத் தாதி ஒருத்தியிடம் கேட்டுச் சொன்னேன், "மகள் சொல்றாள்" என்று தொடங்கி. பிறகு பிரஷர், பிறகு சீனி வருத்தம். அவன் மகன் மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தான், கெட்டிக்காரப் பெடியன். அவனிடம் தகப்பன் என் மகளைச் சொல்லிச் சொல்லியே ஏசினானாம். "அண்ணையின்ர பிள்ளையைப் பார் எண்டுதான் ஒவ்வொரு நாளும் சொல்றனான்" என்று பெருமையாகச் சொன்னான். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "பெடியனைப் பேசாதையும், பாவம்" என்று பெரிய மனுஷன்போலச் சொன்னேன்.

நான்கு வருடம் இப்படி ஓடியது. போன கோடையில் அவன் குடும்பத்தோடு கொலோனுக்கு வந்தான். மனைவியின் சொந்தத்தில் ஒரு கலியாணம். தங்கியதும் அந்தக் கலியாண வீட்டில். என் மகளைப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் பயிற்சி, நேரமில்லை என்று பூசி மெழுகினேன். அவளை அவன் முதலாம் பிறந்தநாளில் பார்த்ததோடு சரி. வெள்ளிக்கிழமை நானும் அவனும் மட்டும் பட்டணம் பார்க்கப் போனோம். தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, வெயில் நன்றாக இருந்ததால், நடந்தே தெற்குப் பக்கம் போனோம்.

மகள் அந்தக் கோடையில் ஒரு அகழாய்வில் வேலை செய்துகொண்டிருந்தாள். கொலோனில்தான். இந்த ஊரில் எங்கே கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினாலும் கீழே ரோமர் கிடப்பார்கள். முதலில் அகழாய்வுக்காரர் இறங்கி எல்லாவற்றையும் பார்த்து எடுத்த பிறகுதான் கட்ட விடுவார்கள். அது எனக்குத் தெரியும். அவள் எந்தத் தெருவில் தோண்டுகிறாள் என்பது மட்டும் தெரியாது. ஒவ்வொரு மாலையும் மண் பிடித்த சப்பாத்தோடு வந்து நின்ற பிள்ளையிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு கட்டட வளவைச் சுற்றிக் கம்பி வேலி அடித்திருந்தார்கள். கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. எங்கட பிள்ளையொண்டு குழிக்குள்ள நிக்குது."

போய்ப் பார்த்தேன். ஓரஞ்சு நிற அங்கி, தலையில் ஹெல்மெட், முழங்கை வரைக்கும் சேறு. முழங்காலில் நின்று ஒரு சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் இருபது வருடம் மற்றவர்களின் சட்டி கழுவியது என் பிள்ளை முழங்காலில் நின்று வேலை செய்யக் கூடாது என்பதற்காக. அப்படித்தான் அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இது ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், எனக்குப் பக்கத்தில் நின்றவன் முன்னால் என் பொய் நிர்வாணமாக நின்றது, நான் பயந்துவிட்டேன்.

"பிள்ளை, நீர் தமிழோ?" என்று அவன் கூப்பிட்டான்.

அவள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள், பின்னால் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்து "அப்" என்ற வடிவத்துக்கு அவள் வாய் வந்தது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. நான் தலையைத் தூக்கி மேலே நின்ற கிரேனைப் பார்த்தேன். அந்தக் கிரேனில் பார்க்க ஒன்றும் இல்லை. அது ஆடவும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அங்கிள், தமிழ்தான்" என்று அவள் அவனுக்குச் சொன்னது கேட்டது.

என்ன எடுக்கிறீர் என்று அவன் கேட்டான். அவள் எழும்பி வேலியருகே வந்து மரியாதையாக விளக்கினாள். ரோமர் காலத்தில் இது ஊருக்கு வெளியே போகிற பெரிய ரோட்டாம். ஊருக்குள்ளே புதைக்க விடமாட்டார்களாம், ரோட்டின் இரண்டு பக்கமும் கல்லறைதானாம். அவளுக்குப் பின்னால் ஒரு உடைந்த கல் கிடந்தது.

"உதிலை என்ன எழுதிக்கிடக்கு?"

"பாதிதான் இருக்கு அங்கிள். ஒரு அப்பா தன்ர மகளுக்கு வைச்ச கல்லு. அவர் இந்த ஊர் ஆள் இல்லை, வேற தேசத்திலயிருந்து வந்தவர். மகளுக்கு எத்தினை வயசு, எவ்வளவு கெட்டிக்காரி எண்டு எழுதியிருக்கிறார். ரோட்டாலை போற ஆக்கள் நிண்டு வாசிக்கோணும் எண்டுதான் ரோட்டோரமா வைக்கிறது. தூரத்திலயே தெரியட்டும் எண்டு எழுத்துக்குச் சிவப்பு மையும் பூசுவினம்."

அவள் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்கு, படித்த பிள்ளை மாதிரிப் பதில் சொன்னாள். முன்பின் தெரியாத ஒரு வெளியூர்க்காரன், போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் தன் மகளைக் காட்டி எழுதிவைத்திருக்கிறான். அந்தக் கல்லுக்கு நாலு முழம் தள்ளி நான் கிரேன் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்டால் அடுத்த கேள்வி என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

"அப்பா ஆர்? ஊரிலை எவடம்?"

கொலோனில் எங்களவர்களை எனக்குத் தெரியும், யாருடைய பிள்ளை என்று அவன் அடுத்து என்னைத்தான் கேட்பான். அவள் எந்த ஊரைச் சொன்னாலும், என்ன வேலையைச் சொன்னாலும் நூல் என்னிடம்தான் வந்து நிற்கும். நான் இப்போது கிரேனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். என்ன முகத்தோடு பார்த்தேன் என்று தெரியவில்லை. கெஞ்சியிருப்பேன்.

"எனக்கு அப்பா இல்லை அங்கிள்" என்றாள் மகள். "அம்மா மட்டும்தான்."

"ஐயோ பிள்ளை" என்றான் அவன்.

அந்த நேரம் பின்னால் மண் அள்ளுகிற மெஷின் திரும்பியது. அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "அங்கிள், நீங்கள் அதிலை நிக்காதேங்கோ. மெஷின் வருது, இங்காலை வாங்கோ." என்னைத்தான். நான் விலகி நின்றேன். நன்றி என்றுகூடச் சொன்னேன், வேற்று ஆளுக்குச் சொல்வதுபோல.

தெரு முனையில் கூட்டாளி வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான். "தேப்பன் இருந்திருந்தால் இப்பிடி மண் கிண்ட விட்டிருப்பானோ அண்ணை? உங்கட பிள்ளை குடுத்து வைச்சது." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓமோம் என்றேன்.

அன்று பின்னேரம் மகள் வழமைபோல வந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், தாயோடு சிரித்துக் கதைத்தாள். என்னிடம் உப்பை எடுத்துத் தரச் சொன்னாள். ஒரு சொல் அதைப் பற்றி இல்லை. ஏசியிருந்தால் நானும் ஏசி, கணக்கைச் சமப்படுத்திக்கொண்டு படுத்திருப்பேன். சனிக்கிழமை வேலையில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். கிழவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு ஆத்திரம், ஆனால் கோபப்பட ஒரு ஆளும் கிடைக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக என்மீது எனக்கு அருவருப்பு வந்தது. அதற்கு வேறு சொல் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவர்களை ரயிலேற்றிவிடப் போனேன். ரயில் வருவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கூட்டாளி ஒரு பையை என் கையில் தந்தான். கலியாண வீட்டுப் பலகாரம். பயற்றம் பணியாரம், முறுக்கு, அரியதரம்.

"அண்ணை, இதை அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ. எங்களுக்குத் தந்ததை மனிசி அப்பிடியே கட்டித் தந்தவள். தேப்பனில்லாத பிள்ளை. சங்கத்திலையும் சொல்லி ஏதும் பாக்கலாம் தானே? நீங்கள் பேசினால் கேப்பினம்."

அவன் மனைவி நோகிற முழங்காலோடு பெட்டிமேல் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ரயில் வந்துவிட்டது. ரயில் வந்ததால்தான் சொல்லவில்லை என்று வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டேன். எட்டு நிமிடம் இருந்தது, மேலே பெரிய மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டில் மகள் சாப்பாட்டு மேசையில் ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தாள். வெட்டிய குழியின் படம். பையை முன்னால் வைத்தேன்.

"ஆர் தந்தது?"

"அந்த அங்கிள். உனக்குத்தான்."

"எனக்கெண்டு தெரிஞ்சோ?"

"இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கெண்டு."

அவள் பையைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்து உடைத்தாள். வாயில் வைக்கவில்லை. நான் கேட்டுவிட்டேன்: "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"வேற என்னப்பா சொல்றது? உங்களுக்கு வெக்கமா இருந்தது. கண்டன். உங்கட ஃப்ரெண்டுக்கு முன்னாலை உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை." கோபமே இல்லாமல் சொன்னாள். "செத்தவர் எண்டு சொல்ல ஏலாமல் இருந்தது. அதுதான் இல்லை எண்டனான்."

அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். தண்டித்தாள் என்று இரண்டு நாளாக நினைத்து, அந்தத் தண்டனையை ஓரளவு வசதியாகவே அனுபவித்துக்கொண்டிருந்தேன். இது அதைவிட மோசம்.

போனை எடுத்து மேசையில் வைத்தேன். ஸ்பீக்கரைப் போட்டேன். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கூட்டாளி எடுத்தான், ரயில் இரைச்சல் கேட்டது.

"தம்பி, அந்தப் பிள்ளை என்ர மகள்."

"எந்தப் பிள்ளை அண்ணை?"

"குழிக்குள்ள நிண்ட பிள்ளை. அவள் மெடிசின் படிக்கேல்லை. ஒரு நாளும் படிக்கேல்லை. நான் உமக்குப் பொய் சொன்னனான்."

அவன் மருத்துவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முழங்காலுக்கு யார் மருந்து சொன்னது என்றும் கேட்கவில்லை.

"அப்ப ஏன் அண்ணை அவள் தேப்பன் இல்லையெண்டவள்?"

சொல்லத்தான் வேண்டும். "நான் உம்மட பக்கத்திலை நிண்டனான் தம்பி. அவள் என்னைப் பாத்து அப்பா எண்டு சொல்ல வந்தவள். நான் தெரியாத ஆள் மாதிரி அங்காலை பாத்தனான்."

நான் மேசையில் இருந்த பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மகளின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. கடைசியில் அவன் மெதுவாகக் கேட்டான், என்னிடம் அல்ல: "பிள்ளை பக்கத்திலையோ நிக்குது?"

மகள் குனிந்து போனுக்குக் கிட்ட வாயை வைத்தாள்.

"ஓம் அங்கிள்," என்றாள். "நான் இவற்ர மகள்தான்."

அதைச் சொல்ல அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.